ஒத்திகையில் அடிக்காத சைரன்

மழையே பெய்யவில்லை என்று அந்தப் பெட்டி சொன்னபோது என் கோவணம் வரைக்கும் நனைந்திருந்தது.

கார்த்திகை மாதம், புயல் மழை, பகல் இரண்டு மணி. எஸ்டேட் பழைய ஸ்டோர் ரூமில் கம்பெனி வேலையாக உட்கார்ந்திருந்த ஷெர்லின் என்கிற பெண் தன் லேப்டாப்பைத் திருப்பி எனக்குக் காட்டினாள். திரையில் ஆறு வட்டம். ஆறும் பச்சை. ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழேயும் ஒரு பூஜ்யம்.

"பாருங்க தாத்தா. போன ஒரு மணி நேரத்துல ஒரு மில்லிமீட்டர்கூட இல்லைங்குது."

நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவள் மேசைக்கு முன்னால் பிழிந்தேன். தண்ணீர் அவள் செருப்பு வரைக்கும் ஓடியது.

"இது என்ன கண்ணு? எம்பட வேர்வையா?"

கூரைத் தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் நானே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு பூஜ்யம் என்கிறது அந்தப் பெட்டி.

என் பெயர் சித்தன். ஏற்காட்டு மலையில் தலைச்சோலை என் ஊர். மூன்றாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், அதற்குமேல் போகவில்லை. எங்கள் எஸ்டேட்டைச் சுற்றி சரிவுகளில் சேலத்துக் கம்பெனி ஒன்று ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஆறு கம்பம் நட்டது. ஒவ்வொரு கம்பத்திலும் மழையை அளக்கிற டப்பா ஒன்று, சைரன் ஒன்று, சோலார் தகடு ஒன்று. தகட்டைத் துடைப்பது, டப்பாவில் குளவி கட்டினால் எடுப்பது, கம்பத்தின் மேல் சாய்கிற கிளையை வெட்டுவது, இதெல்லாம் என் வேலை. ஆறு கம்பத்தையும் ஒரு சுற்று சுற்றிவர முழுப் பகல் ஆகும்.

டப்பாக்கள் எவ்வளவு மழை என்று ரேடியோவில் ஸ்டோர் ரூமில் இருக்கிற மெஷினுக்குச் சொல்லும். மெஷின் கூட்டிப் பார்க்கும். ஒரு மணி நேரத்தில் நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் சைரனை அடிக்கச் சொல்லும். சைரன் அடித்தால் கீழே குடியிருப்பவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு சர்ச் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். மண் சரிந்தால் ஆள் மிஞ்சுவதற்கான ஏற்பாடு.

அந்த மெஷினுக்கு சேலத்தில் ஒரு நகல் உண்டு; இங்கே கரண்ட் இல்லாவிட்டாலும் டப்பாவின் பேச்சு சோலார் டவர் வழியாக அங்கே போய்ச் சேரும். அதை எனக்கு விளக்கியவன் மாதேஷ். கம்பெனி எஞ்சினியர், முப்பது வயசுகூட இருக்காது. நகல் என்றால் இன்னொரு இரும்புப் பெட்டி இல்லையாம். ஒரு பெரிய பெட்டிக்குள்ளே நூறு மெஷின் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்குமாம், அதில் ஒன்று நம்முடையதாம். விர்ச்சுவல் என்றான்.

"இங்க இருக்கிறது செத்துட்டா, அங்க இருக்கிறது உடனே பொறந்துரும் தாத்தா. பத்தே நிமிசம்."

"புள்ளை பொறக்கவே பத்து மாசம் ஆவுது. இது பத்து நிமிசத்துல பொறந்தா ஊனமாத்தான் பொறக்கும்" என்றேன்.

சிரித்தான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு மெஷின் மட்டும் காரணம் இல்லை. எஸ்டேட் ரைட்டர் கோவிந்தராஜ்தான் பெரிய காரணம். ஆள் கணக்கு எழுதுகிறவர். சைரன் வந்தவுடன் அவர் ஒரு சட்டம் போட்டார். சைரன் அடித்தால் வேலையை விட்டுப் போகலாம். அடிக்காமல் போனால் ஆப்சென்ட். காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் மூன்று ஆப்சென்ட் விழுந்தால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கு முன்னாலெல்லாம் பயந்தவன் போவான், பயப்படாதவன் இருப்பான், கேட்க ஆள் இல்லை. இப்போது ஒருத்தன் பயப்படுவதற்கே சைரன் உத்தரவு கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

கீழ் லைனில் பதினான்கு வீடு. செங்குத்தான காப்பிச் சரிவுக்கு நேர் கீழே. கடைசி வீட்டில் என் மகள் அமுதா இருக்கிறாள், நாலு வயசுப் பேத்தி கவிப்பிரியாவோடு. மருமகன் திருப்பூரில். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததில் அந்த மாதம் அமுதாவுக்கு ஏற்கெனவே இரண்டு ஆப்சென்ட் விழுந்திருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை நிற்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது கம்பத்துக்குப் போகிற வழியில், லைனுக்கு மேலே சில்வர் ஓக் மரங்களின் காலடியில் மண் பிளந்திருப்பதைப் பார்த்தேன். கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் உள்ளே போனது. மேலேயிருந்து வருகிற தண்ணீர் எல்லாம் அந்தப் பிளவுக்குள்ளே போகிறது, கீழே எங்கும் வெளியே வரவில்லை. அவ்வளவு தண்ணீரும் உள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். நான் கீழே ஓடினேன்.

பெண்கள் கித்தான் போர்த்திக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அமுதாவிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிசம் என் கையைப் பார்த்தாள், முழங்கை வரைக்கும் சேறு. கூடையை அங்கேயே இறக்கினாள்.

"சைரன் அடிக்கலீங்களே அப்பா."

"இப்ப அடிக்கும். அதுக்குள்ள நீ பிள்ளையத் தூக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு நட."

அவள் நடந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நடந்தார்கள். வீட்டில் இருந்த கிழவிகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி பத்துக்கெல்லாம் லைனே காலியாகிவிட்டது. நான் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அடிக்கும், இப்போது அடிக்கும் என்று. ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. சைரனுக்கு சோலார், அதற்குக் கரண்ட் தேவை இல்லை. இருந்தும் அடிக்கவில்லை. அதனால்தான் ஸ்டோர் ரூமுக்கு வந்து ஷெர்லினின் மேசைக்கு முன்னால் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"மெஷின் எங்க?" என்றேன்.

"அது ஆஃப் ஆயிருச்சு தாத்தா. அதுவரைக்கும் மழை நாப்பதத் தொடலை. யூபிஎஸ் பத்து நிமிசம்தான் தாங்குச்சு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகலை, டீசல்ல தண்ணி கலந்துருச்சாம். ஆனா ஒண்ணும் பயம் இல்லைங்க. ஒண்ணு ஐம்பத்திரண்டுக்கே சேலத்துல நகல் எழுந்துருச்சு. இப்ப நீங்க பாக்கிறது அதத்தான்."

"அப்ப இந்தப் பூஜ்யம் சேலத்து மழையா?"

"ஐயோ, இல்லைங்க தாத்தா. நம்ம மழைதான்."

"நம்ம மழை பூஜ்யமா? கதவத் தொறந்து பாரு சாமி."

அவள் கதவைத் திறக்கவில்லை, போனை எடுத்தாள். நல்ல பெண்தான். ஏற்காட்டுப் பெண், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். திரையில் பச்சையைக் கண்டால் நம்ப வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கரில் மாதேஷ் பேசினான்.

"எல்லாம் ஓடிட்டுதானே இருக்கு ஷெர்லின். நகல் எழுந்துருச்சுன்னு மேனேஜருக்கு ரிப்போர்ட்கூட அனுப்பிட்டேன்."

"சார், இங்க பயங்கர மழை சார். ஆறு டப்பாவும் ஜீரோ காட்டுது."

அவன் கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மூச்சை உள்ளே இழுத்தது எனக்கே கேட்டது.

"என்னடா?" என்றேன்.

"தாத்தா நீங்களா... ஒரு நிமிசம்ங்க."

"ஒரு நிமிசம் எல்லாம் இல்ல. என்ன ஆச்சு சொல்லு."

"நகல் ஒத்திகை நெட்வொர்க்ல எழுந்திருக்குதுங்க."

அது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்ததோடு இல்லை, அதில் எனக்கும் பங்கு உண்டு. அதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் மற்றவர்களைத் திட்டிவிட்டு என்னை விட்டுவிட்டால் அதுவும் ஒரு பொய் ரிப்போர்ட்தான்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா சமயத்தில் மாதேஷ் ஒரு ஒத்திகை வைத்தான். ஸ்டோர் ரூமில் இருக்கிற மலை மெஷின் செத்ததாக வைத்துக்கொண்டு, நகலை எழுப்பி, சைரனை அடித்துப் பார்ப்பது. முந்தின நாளே சொன்னான். யார் காதில் விழுந்தது? கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சனம், ஆறு சைரனும் ஒன்றாக அலறியதும், பானையையும் அரிசியையும் போட்டுவிட்டு ஓடியது. ஓடிய ஒரு கிழவிக்கு மணிக்கட்டு முறிந்தது. நான் நேரே போய் மாதேஷின் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னொரு தடவ ஒத்திகைன்னு சைரன் அடிச்சே, கம்பத்த வெட்டிச் சாச்சுப்புடுவேன்" என்றேன். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒத்திகைக்கென்று தனியாக ஒரு நெட்வொர்க் செய்தான். வெளியே வழியே இல்லாத ஒரு அறை மாதிரி. நகல் அதற்குள்ளே எழும், நல்லா இருக்கிறேன் என்று சொல்லும், தூங்கிவிடும். டப்பாவின் பேச்சு அதற்குக் கேட்காது, அதன் பேச்சு சைரனுக்குக் கேட்காது. ஜூலையில் ஒரு ஒத்திகை, அக்டோபரில் ஒரு ஒத்திகை, இரண்டும் பாஸ். சைரன் ஒரு முணுக்குக்கூட எழுப்பவில்லை. நானும் சந்தோசமாக இருந்தேன்.

"செட்டிங்ல ரெண்டு வரி இருக்குதுங்க தாத்தா" என்றான் போனில். "ஒத்திகைன்னா எந்த நெட்வொர்க், நிஜம்னா எந்த நெட்வொர்க்னு. ரெண்டுலயும் ஒத்திகைன்னே இருக்கு. ஜூலைல மாத்தினப்போ... நான் கவனிக்கலைங்க."

"அப்போ அது ரூம்புக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு மழை இல்லேன்னு சொல்லிட்டு இருக்குது."

"ஆமாங்க."

"சேதி வரலேன்னா சேதி வரலேன்னு காட்டறதுக்கு என்ன கேடு? பூஜ்யம்னு எதுக்குடா காட்டோணும்?"

"அது டிசைன்ங்க தாத்தா..."

"உன்ற டிசைன்ல தீய வெக்க!"

அப்போதுதான் என் போன் அடித்தது. அமுதா.

"அப்பா, ரைட்டர் இங்க பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டாருங்க. எல்லாம் பச்சையா இருக்குது, கம்பெனியே மழை கம்மின்னு மெசேஜ் போட்டிருக்குது, எல்லாரும் திரும்புங்கன்னு கத்தறாரு."

"நீ போவாத."

"மூணாவது ஆப்சென்ட்டுங்கப்பா. ஊட்டக் காலி பண்ணச் சொன்னா இந்த மழைல பிள்ளையத் தூக்கிட்டு எங்கப்பா போறது? எல்லாரும் கிளம்பறாங்க. நான் ஒருத்தி மட்டும் எப்புடி..."

பின்னால் கோவிந்தராஜின் குரல் கேட்டது. "அமுதா, உங்கப்பனுக்கு வயசாயி மூளை கலங்கிருச்சு. மெஷினை விட அவருக்கு நொம்பத் தெரியுமா?"

"போனை அந்த ஆளுகிட்ட குடு" என்றேன். கொடுத்தாள்.

"ரைட்டரே, மெஷின் செத்துப்போச்சு. நகல் கோளாறு. மேல மண்ணு பொளந்து நிக்குது. சனத்த அங்கயே வெய்யி."

"ஏனுங்க பெரியவரே, உங்க பேச்சக் கேட்டு நான் எஸ்டேட்ட நடத்த முடியுமாங்க? எனக்கு மேல ஆளு இருக்காங்க. சைரன் அடிச்சா நானே மொதல்ல ஓடியாறேன், போதுமாங்க?" வைத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்திலிருந்து லைனுக்கு இறங்கிவர முக்கால் மணி நேரம். சேற்றில் பிள்ளைகளோடு என்றால் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் எங்களுக்கு இருந்தது.

"மாத்து. அந்த ரெண்டாவது வரிய இப்பவே மாத்து" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

"மாத்திட்டேங்க தாத்தா. நிஜ நெட்வொர்க்ல போட்டுட்டேன். ஷெர்லின், டப்பா பேசுதா பாரு."

ஷெர்லின் பார்த்தாள். ஆறு பச்சை, ஆறு பூஜ்யம்.

"இல்லை சார்."

மாதேஷ் தனக்குள்ளேயே ஏதோ முனகிக்கொண்டான். பிறகு சொன்னான்: "அட்ரஸ். அட்ரஸ் வேற வாங்கிருச்சு."

இதை எனக்கு ஷெர்லின்தான் சொன்னாள், அவசர அவசரமாக. நெட்வொர்க் என்பது தெரு என்றால், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கதவு எண் உண்டு. மலை மெஷினின் எண் இருபது. டப்பாவும் சைரனும் இருபதாம் எண்ணுக்கு மட்டும் பேசும்படி செய்யப்பட்டவை. நகலுக்கு இன்ன எண்தான் வேண்டும் என்று மாதேஷ் எழுதி வைக்கவில்லை. அதனால் அது தெருவுக்கு வந்ததும் காலியாக இருந்த எண்பத்தேழில் போய் உட்கார்ந்துவிட்டது. டப்பாக்கள் பூட்டிய இருபதாம் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.

"ஒவ்வொரு கம்பத்துக்கும் போயி அட்ரஸை மாத்தலாம்..." என்றான் மாதேஷ்.

"ஆறு கம்பம், ஒரு நாளு. பொழுது சாயற வரைக்கும் மண்ணு காத்துட்டு இருக்குமா? நகலுக்கே இருபதக் குடு."

"குடுக்கலாம் தாத்தா. ஆனா மலை மெஷின் திடீர்னு எழுந்துட்டா? ரெண்டும் இருபதுன்னு சொல்லும். டப்பா பாதிப் பேச்ச இதுகிட்ட சொல்லும், பாதிய அதுகிட்ட சொல்லும். ரெண்டுமே கெட்டுப்போயிரும். மழை நாப்பதத் தாண்டினதே தெரியாது."

சொல்லி வாய் மூடவில்லை, பின்பக்கத்தில் ஜெனரேட்டர் இருமியது. எஸ்டேட் எலக்ட்ரீசியன் கயிற்றை இழுக்கிறான். ஒரு இருமல், இரண்டு இருமல், நின்றுபோனது. மறுபடியும் இழுக்கிறான்.

"அப்ப மலை மெஷின் எழாதபடி பண்ணிரலாம்" என்றேன்.

"அதுக்கு மேனேஜர் அப்ரூவல் வேணுங்க. மெயில் வரணும். நிஜ வேலைக்கு வெச்சிருக்கிற சர்வரைக் கழட்டறதுன்னா..."

"போன் போடு அந்தாளுக்கு."

ஷெர்லின் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன் என்று ஒரு மெசேஜ் வந்தது. அதை அவள் வாசித்துக் காட்டினாள், ஏதோ அவளே தப்பு செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் இரும்பு அலமாரி மாதிரி ஒன்று, அதற்குள்ளே மெஷின், பின்னால் பாம்புக் குட்டிகள் மாதிரி வயர்கள்.

"எந்த வயர் கண்ணு?"

"தாத்தா, நான் காட்டக் கூடாதுங்க. என் வேலை போயிரும்."

"நீ காட்ட வேண்டாம்."

அவள் காட்டவில்லை. ஆனால் அவள் கண் கீழ் வரிசையில் இருந்த நீல வயர் மேல் போய் நின்றது, பிறகு சுவரைப் பார்த்தது. நான் நீல வயரைப் பிடுங்கினேன். ஒரு நாக்கு மாதிரி ஒன்றை அமுக்கிப் பிடுங்க வேண்டுமாம், பிறகுதான் சொன்னார்கள். நான் அமுக்கவில்லை, அந்த நாக்கு ஒடிந்து விழுந்தது. அதோடு மெஷினுக்குக் கரண்ட் போகிற தடித்த வயரையும் உருவி, இரண்டையும் என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"மாதேஷு, மலை மெஷின் செத்துப்போச்சு. நான் கையில புடிச்சிட்டு நிக்கறேன். இருபதப் போடு."

"தாத்தா, அப்ரூவல்..."

"பதினாலு ஊட்டு சனம் இறங்கி வந்துட்டு இருக்குது. எம்பட பேத்தி அதுல இருக்குது. எதுன்னாலும் கெழவன் புடுங்கினான்னு எழுதிக்க. போடுடா!"

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. அறையில் லைட் எரிந்தது. மெஷின் எழவில்லை, எழ முடியாது, அதன் உயிர் என் தோளில் தொங்கியது. லைட் வந்த அதே நேரத்தில் மாதேஷ் "போட்டுட்டேன்" என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை. திரையில் அதே பச்சை. ஷெர்லின் வாய்க்குள் ஜெபம் சொன்னாள். நான் சாமி எல்லாம் கும்பிடவில்லை, கெட்ட வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மூன்றாவது வட்டத்துக்குக் கீழே இருந்த பூஜ்யம் அழிந்து ஐம்பத்துமூன்று என்று வந்தது. முதல் வட்டத்தில் நாற்பத்தொன்பது. ஐந்தாவதில் ஐம்பத்தாறு. டப்பாக்கள் ஒரு மணி நேரமாகச் சேர்த்து வைத்திருந்ததை ஒன்றாகக் கொட்டின. பச்சை ஒவ்வொன்றாகச் சிவந்தது.

வெளியே மழையைக் கிழித்துக்கொண்டு சைரன் அடித்தது. மே மாதத்தில் எந்தச் சத்தத்துக்காக நான் ஒருவனின் சட்டையைப் பிடித்தேனோ, அதே சத்தம். மணி மூன்று எட்டு.

அப்போது சனம் பாதி வழி இறங்கியிருந்தது. லைன் கண்ணுக்குத் தெரிகிற தூரம். ரைட்டர் குடையோடு முன்னால் நடந்துகொண்டிருந்தாராம். அமுதா பிறகு சொன்னாள், சைரன் அடித்ததும் அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார், எல்லாருக்கும் முன்னால் அவர்தான் ஓடினார், குடையை இவள்தான் எடுத்துவந்து கொடுத்தாள்.

மூன்று முப்பத்தைந்துக்குச் சரிவு இறங்கியது. நான் ஸ்டோர் ரூம் வாசலில் நின்று கேட்டேன். நூறு லாரி ஜல்லியைக் கொட்டுகிற சத்தம், நடுநடுவே மரம் ஒடிகிற சத்தம். கீழ் லைனில் கடைசி ஐந்து வீடு இல்லை. அமுதாவின் வீடு இருந்த இடத்தில் ஒரு சில்வர் ஓக் தலைகீழாக நின்றது. ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஷெர்லின் என் தோளிலிருந்து வயரை எடுக்க வந்தாள். நான் கொடுக்கவில்லை, அன்றைக்கு முழுவதும் கொடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நாலாம் நாள் எஸ்டேட் ஆபீசில் கூட்டம் போட்டார்கள். கம்பெனியின் பெரிய மேனேஜர் சேலத்திலிருந்து காரில் வந்தார். மீட்டிங்கில் இருந்தாரே, அவர்தான். மாதேஷும் ஷெர்லினும் சுவரோரமாக நின்றார்கள். கோவிந்தராஜ் ஆள் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். லைன் பெண்கள் வாசலில் நின்றார்கள், அமுதா முன்னால்.

மேனேஜர் ரிப்போர்ட்டை வாசித்தார். பகல் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு நகல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. மீட்பு வெற்றி. உயிர்ச்சேதம் இல்லை. அனுமதி இல்லாமல் வயரைப் பிடுங்கியதற்கும் கம்பெனிப் பொருளை ஒடித்ததற்கும் சித்தன் என்கிறவருக்கு மெமோ.

அடுத்து கோவிந்தராஜ் நோட்டைப் புரட்டினார். பெண்கள் வேலையை விட்டுப் போனது ஒரு மணி பத்துக்கு. சைரன் அடித்தது மூன்று எட்டுக்கு. ஆகவே எல்லாருக்கும் ஆப்சென்ட்.

நான் எழுந்தேன்.

"ஏனுங்க மேனேஜரு, ஒண்ணு அம்பத்திரண்டுக்கே உங்க மெஷின் முழுசா வேல செஞ்சுதுங்களா?"

"ஆமா. ரிப்போர்ட்ல இருக்கே."

"அப்ப அப்பவே சைரன் அடிச்சிருக்கோணும். ரைட்டரு மூணு எட்டுங்கறாரு. ரெண்டுல ஒண்ணு பொய்யி. எதுன்னு சொல்லுங்க."

மேனேஜர் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் நோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் இருவரும் காதோடு காதாகப் பேசினார்கள். பிறகு மேனேஜர் முகத்தில் ஒரு சிரிப்போடு திரும்பினார்.

"சரி, பெரியவரே. பிரச்சினையே இல்லை. சைரன் ஒண்ணு ஐம்பத்திரண்டுக்கு அடிச்சதா வெச்சுக்குவோம். அதுக்கப்புறம்தான் எல்லாரும் வேலையை விட்டுப் போனதா ரைட்டர் எழுதிக்குவார். பொம்பளைங்க யாருக்கும் ஆப்சென்ட் இல்லை. எல்லாருக்கும் நல்லது."

வாசலில் பெண்கள் பெருமூச்சு விட்டது கேட்டது. வேண்டாம் என்று சொன்னால் மகளுக்கு மூன்றாவது ஆப்சென்ட். சரி என்று சொன்னால் மாதேஷ் போட்டுவைத்த அந்த ரெண்டு வரியும் ரிப்போர்ட்டில் இல்லாமல் போகும், அடுத்த மழைக்கும் நகல் அதே அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். பொய்யைப் பொய்யால் முட்டவைத்து ரெண்டு பேரையும் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் ரெண்டு பொய்யையும் ஒன்றாகத் தைத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அமுதா உள்ளே வந்தாள்.

"வேண்டாமுங்க. ஆப்சென்ட்டே போட்டுக்குங்க" என்றாள். "சைரன் மூணு எட்டுக்குத்தான் அடிச்சுது. நான் பாதையில நின்னு கேட்டேன், ரைட்டரும்தான் கேட்டாரு, கொடையப் போட்டுட்டு ஓடினாரு."

"அம்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க" என்றார் கோவிந்தராஜ். "மூணு ஆப்சென்ட் ஆனா லைன் வீடு..."

"எந்த ஊடு ரைட்டரே?" என்றாள். "எந்த ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவீங்க? போயி அந்த மரத்துக்கு அடியில தோண்டி எடுத்துக்குங்க. மிச்சம் நிக்கிற ஒம்பது ஊட்டுக்கும் இனி யாரு போயிப் படுப்பா? நீங்க போயிப் படுங்க."

வாசலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள், எல்லாம் ஒரே சமயத்தில். அந்த இரைச்சலுக்குள் மாதேஷ் ஏதோ சொன்னான், யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னான்.

"சார், ரிப்போர்ட் தப்பு சார். நான்தான் எழுதினேன். நகல் எழுந்தது ஒண்ணு ஐம்பத்திரண்டு. ஆனா மூணு எட்டு வரைக்கும் அது யாருக்கும் கேக்காத நெட்வொர்க்ல இருந்துச்சு. அப்புறம் தப்பான அட்ரஸ்ல இருந்துச்சு. வயரைப் புடுங்கலைன்னா இன்னும் அங்கேயேதான் இருந்திருக்கும்."

"அதுக்கு நானும்தான் காரணம்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மே மாசம் அவன் சட்டையப் புடிச்சு, ஒத்திகைல சைரன் அடிக்கக் கூடாதுன்னது நான். அந்தப் பேச்சத் திருப்பி எடுத்துக்கறேன். இனிமே ஒத்திகைன்னா ஆறு சைரனும் அடிக்கோணும். மலை மெஷின நெசமாவே நிறுத்திட்டு, நகலுக்கு இருபதக் குடுத்து, வேலை நேரத்துல அடிக்கோணும். ஆப்சென்ட் கிடையாதுன்னு ரைட்டரு இப்பவே நோட்டுல எழுதோணும். ஓடறப்ப எவளாவது என்னய வஞ்சா வஞ்சுட்டுப் போறா."

"இப்பவே வைவமுங்க" என்றாள் வாசலில் ஒருத்தி.

மேனேஜருக்கு அந்தச் சிரிப்பு போய்விட்டது. ரிப்போர்ட்டைப் பைக்குள் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடியும் வைத்தார். திருத்தி எழுதித் தருகிறேன் என்றார். நான் நம்பவில்லை. திருத்தி எழுதுகிற வரைக்கும் கார் போகாது என்றேன். பெண்கள் ஏற்கெனவே காரைச் சுற்றித்தான் நின்றார்கள். ஷெர்லின் லேப்டாப்பைத் திறந்தாள். மாதேஷ் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள், நிஜ நெட்வொர்க், இருபதாம் எண், மூன்று எட்டு, எல்லாம். அதை அவள் தமிழில் ஒரு தடவை சத்தமாக வாசித்த பிறகுதான் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒத்திகை என்று ரைட்டர் நோட்டில் எழுதினார், பேனா கிழிகிற மாதிரி அழுத்தி. ஆப்சென்ட் கிடையாது என்பதையும் எழுதினார். நான் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன்.

மெமோவை மட்டும் அவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது சட்டமாம். அடியில் விளக்கம் எழுத நாலு வரி விட்டிருந்தார்கள். ஷெர்லினிடம் பேனா வாங்கி நானே எழுதினேன், ஒரு வரிதான் ஆனது: புடுங்கினது நான்தான், புதன்கிழமை சைரன் அடிக்காவிட்டால் மறுபடியும் புடுங்குவேன்.